தோள்சீலை முதல் ஷால் வரை: குமரியில் பெண்ணின் உடையை யார் முடிவு செய்கிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெண்களின் உடை பற்றி எப்போது பேச்சு வந்தாலும், அது ஒரு கல்லூரியின் சுற்றறிக்கையாக இருக்கட்டும், கோயில் வாசலில் மாட்டிய பலகையாக இருக்கட்டும், கல்யாண வீட்டு வீடியோவின் கீழே கொட்டிக்கிடக்கும் வசையாக இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் தோள்சீலைப் போராட்டத்தை, அதாவது தோளில் மேல்சீலை போடும் உரிமைக்காக 19-ஆம் நூற்றாண்டில் நாடார் பெண்கள் நடத்திய போராட்டத்தை, உள்ளே இழுத்துவிடுவார். "மார்பை மறைக்கிற உரிமைக்காக நம்ம பாட்டிமார் அடிபட்டாங்க, இன்னைக்கு நீங்க ஷாலைத் தூக்கி எறியிறீங்க" என்று ஒரு பக்கம். "என்ன உடுத்தணும்னு அடுத்தவன் சொல்லக்கூடாதுன்னுதானே அந்தப் போராட்டமே நடந்தது" என்று மறுபக்கம். ஒரே வரலாறு, இரண்டு வாதத்துக்கும் சாட்சி.

முதல் வாதம் வரலாற்றைத் தப்பாகப் படித்திருக்கிறது. இரண்டாவது வாதம் சரியாகப் படித்திருக்கிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. ஏனென்றால் இன்று உடையை முடிவு செய்வது பெரும்பாலும் ராஜாவோ அதிகாரியோ இல்லை. பக்கத்து வீடு, வகுப்புத் தோழி, கல்யாணத்துக்கு வரும் சொந்தம் இவர்கள்தான். அதனால் அடியிலிருந்தே பார்த்துவிடுவோம்.

முதலில் மூன்று சொற்கள்

இந்தப் பேச்சில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பிரித்துக்கொண்டால் பாதி சண்டை குறையும்.

1. அடக்கம். உடம்பில் எது மறைய வேண்டும், எது தெரியலாம் என்பதில் ஓர் ஊர் எட்டியிருக்கும் உடன்பாடு. இது இயற்கையாக வந்ததில்லை, பழகி வந்தது. சேலையில் இடுப்பு தெரிவது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதே இடுப்பு ஜீன்ஸுக்கு மேலே தெரிந்தால் ஊர்ப்பேச்சு. தெரிகிற அளவு ஒன்றுதான், பழக்கம்தான் வேறு.

2. மரியாதை. உடையால் ஒருவருக்குப் பணிவு காட்டுவது. பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுகிறோமே, அது மரியாதை. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும் மரியாதைதான். ஒன்றில் மறைக்கிறோம், ஒன்றில் திறக்கிறோம். ஆகவே மரியாதைக்கும் மறைப்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வரலாற்றுக்குப் போகும்போது இதுதான் சாவி.

3. கூட்டத்தின் அழுத்தம். யாரும் வாய்திறந்து கட்டளை போடாமலேயே, மற்றவர்கள் செய்வதை நாமும் செய்ய வைக்கும் நெருக்கடி. மீறினால் தண்டனை கிடையாது, ஆனால் விலை உண்டு: ஒரு பார்வை, ஒரு பட்டப்பெயர், அடுத்த முறை கூப்பிடாமல் விடுவது.

தோள்சீலைப் போராட்டம் எதற்காக நடந்தது?

இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், அதன் தொடர்ச்சியான திரு-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று தென் திருவிதாங்கூர். அங்கே இருந்த விதி "தாழ்ந்த சாதிப் பெண் மார்பை மறைக்கக் கூடாது" என்பது மட்டும் இல்லை. கீழே இருப்பவர் மேலே இருப்பவர் முன் மேலாடையை நீக்கி நிற்க வேண்டும் என்பதுதான் மொத்த அமைப்பு. நாயர் பெண்களும் நம்பூதிரி முன்பும் கோயிலிலும் மேல்துணியை நீக்கியவர்கள்தான். கோயிலில் இன்று ஆண்கள் சட்டையைக் கழற்றுகிற அதே தர்க்கம். நாடார் பெண்களுக்கும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கும் "மேலே இருப்பவர்" என்பது கிட்டத்தட்ட ஊர் முழுவதும் என்பதால், அவர்கள் எப்போதுமே மறைக்கக் கூடாது என்று ஆயிற்று.

நடந்தவை சுருக்கமாக:

1. 1810-களில் திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (பிரிட்டிஷ் பிரதிநிதி) திவானாகவும் (மன்னரின் தலைமை அமைச்சர்) இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றார். குப்பாயம் என்பது தளர்வான சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அப்படிப்பட்ட சட்டை போட்டுவந்தார்கள். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போல தோளில் சீலை போடக் கூடாது.

2. பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதற்கு மேலே தோள்சீலையும் போட்டார்கள். 1822-ல் தொடங்கி சந்தைகளிலும் வழிகளிலும் தாக்கப்பட்டார்கள், துணிகள் கிழிக்கப்பட்டன. 1827 முதல் 1829 வரை மறுபடியும்.

3. 1829 பிப்ரவரி 3-ல் ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் வந்த அறிவிப்பு, நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாது, கிறிஸ்தவர்கள் குப்பாயம் மட்டும் போடலாம் என்று பழைய இடத்திலேயே நிறுத்தியது.

4. 1858-59-ல் கலவரம் மிகப் பெரிதாக வெடித்தது. சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவெலியனின் நெருக்கடிக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள், இந்துவோ கிறிஸ்தவரோ, சட்டை போடலாம், முக்குவர் என்ற மீனவச் சாதிப் பெண்கள் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

நாலாவது புள்ளியின் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். மறைக்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆனாலும் ஒரு தடை மிச்சம் இருக்கிறது. பிரச்சனை உடம்பு தெரிவதாக இருந்திருந்தால் குப்பாயத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், ஏனென்றால் குப்பாயம் தோள்சீலையைவிட நன்றாகவே மறைக்கும். அந்தப் பெண்கள் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு அதற்கு மேலேயும் சீலையைப் போட்டதற்குக் காரணம், சீலைதான் அந்த ஊரில் "நானும் உனக்குச் சமம்" என்பதற்கு அடையாளம். மிஷனரிகளுக்கு வேறு நோக்கம் இருந்தது உண்மை. அவர்கள் தங்கள் நாட்டு அடக்கத்தைக் கொண்டுவந்தார்கள், மார்பு மூடினால் போதும் என்று பார்த்தார்கள். ஆனால் அடியெல்லாம் வாங்கி, போட்ட துணியைக் கழற்ற மறுத்தது பெண்கள்.

இதே காலத்தில்தான் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தன் தோளில் ஒரு முழத் துணி போடத் தடை இருந்த காலத்தில், இந்த ஊர்ப் பெண்கள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் உடுப்புக்கு ஓரப்பின்னல் பின்னிக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் இந்த வரலாற்றைப் பள்ளியில் படிக்க வேண்டும். ஆனால் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றிலிருந்து சாதியும் உடையும் பற்றிய இந்தப் பகுதியை 2016-ல் விலக்கிவிட்டார்கள். 2023 மார்ச் 6-ல் நாகர்கோவிலில் தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்ட தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழாவில்தான் நிறைய இளம்பெண்கள் இதை முதல்முறையாகக் கேட்டிருப்பார்கள்.

கழற்றியதும் விடுதலைதான்

போடுவதுதான் கௌரவம், கழற்றுவது அவமானம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி. 1915-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யங்காளியின் அழைப்பை ஏற்று, அடிமைகளாக நடத்தப்பட்ட புலயர் சாதிப் பெண்கள் தங்கள் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அடிமைத்தனத்தின் அடையாளமாக அவர்கள் மேல் சுமத்தப்பட்டிருந்த மாலை அது. அங்கே கழற்றியதுதான் போராட்டம். இங்கே போட்டது போராட்டம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்: துணியும் மணியும் கூடுவதிலோ குறைவதிலோ ஒன்றும் இல்லை, யார் சொல்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடக்கமே தலைகீழாகவும் ஆகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்கூட கேரளத்தில் ரவிக்கை போட்ட இளம்பெண்ணை வீட்டு மூத்த பெண்களே ஆட்டக்காரி என்று திட்டியதை அந்தக் காலத்தவர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. ஒரு நூறு வருடத்துக்குள் ரவிக்கை போடாமல் இருப்பதை நினைத்தே பார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டோம். இன்று "காலங்காலமாக நம் பண்பாடு" என்று காட்டப்படும் பல உடைகளுக்கு அவ்வளவு வயதுகூட இல்லை. ஷால் போட்ட சுடிதார் இந்தப் பக்கத்தில் பரவலானது கொஞ்ச காலம் முன்புதான். அதை முதலில் போட்டவர்களை "வடக்கத்தி உடுப்பு" என்று பேசினார்கள். இப்போது அதுவே அடக்கத்தின் அளவுகோல்.

கட்டளை இல்லாமல் நடக்கும் கட்டாயம்

சரி, இன்று ராஜ அறிவிப்பு கிடையாது. அப்படியென்றால் ஒரு பெண் காலையில் அலமாரியைத் திறந்து நிற்கும்போது அவள் கையைத் தடுப்பது எது?

வீட்டில் நைட்டியோடு இருக்கும் பெண், மீன்காரர் சத்தம் கேட்டு வாசலுக்கு வரும்போது என்ன செய்கிறாள் என்று பாருங்கள். கொடியில் கிடக்கும் தோர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறாள். மார்த்தாண்டம் பக்கமும் அப்படித்தான், நாகர்கோவிலிலும் அப்படித்தான். நைட்டி கழுத்து முதல் கால் வரை மூடியிருக்கிறது. அந்தத் துண்டு புதிதாக எதையும் மறைப்பதில்லை. குளிக்கப் போகிற ஆணின் தோளிலும் இதே துண்டுதான் கிடக்கும், அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. பெண் தோளுக்கு வந்தால் அது ஒரு அறிவிப்பு: "எனக்கு விதி தெரியும்." கேட்டால் சொல்வார்கள், "எனக்கு ஒண்ணும் இல்ல, ஆளுக என்ன சொல்லுவினும்?" பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள். எனக்குப் பிரச்சனை இல்லை, மற்றவர்களுக்கு இருக்கும் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டு, யாருக்குமே பெரிதாக நம்பிக்கை இல்லாத ஒரு விதியை எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுவதை சமூக உளவியல் தனியாகவே ஆராய்கிறது. எல்லாரும் எல்லாரையும் தப்பாகக் கணக்குப் போடுவது. இதில் குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியாது, அதனால்தான் உடைப்பதும் கடினம்.

கூட்டம் நம்மை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஓர் அளவும் உண்டு. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது இதன் நீளம் என்று கேட்டார். சின்னக் குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான விடையைச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நால்வரில் மூவர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி. "அழகா இருக்கா", "அசிங்கமா இருக்கா" என்ற விஷயத்தில் எப்படி இருக்கும்? ஆனால் அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், வளைவது மிகவும் குறைந்துபோனது.

இங்கே அழுத்தம் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் "மக்ளே, ஷால் எங்க?" என்ற கேள்வி. விடுதியில் அதே ஷாலைப் பின் குத்திப் போட்டால் "ஏட்டி, ஆன்ட்டி மாதிரி வராத" என்ற கேலி. வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஷாலை மடித்துப் பைக்குள் வைத்து, சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறுமுன் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளும் பெண்ணைச் சுலபமாக "நாடகம்" என்று சொல்லிவிடலாம். அவள் இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் வாழ்கிறாள், இரண்டும் அவளிடம் வரி வசூலிக்கின்றன. விருப்பத்தோடு தலையை மூடும் பெண்ணை "பழைய பஞ்சாங்கம்" என்று ஒதுக்கும் நவீனக் கூட்டமும், ஸ்லீவ்லெஸ் போட்டவளை ஒழுக்கம் கெட்டவள் என்று ஒதுக்கும் பழைய கூட்டமும் செய்வது ஒரே வேலையைத்தான். ஆனால் எடை சமம் இல்லை. நவீனக் கூட்டம் கேலி செய்யும், அவ்வளவுதான். பழைய கூட்டம் கல்யாணப் பேச்சை முறிக்கும், படிப்பை நிறுத்தும், யாராவது சீண்டினால் "நீ போட்ட உடுப்பைப் பாரு" என்று பழியையும் அவள் மேலேயே போடும்.

பண அழுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்யாணத்துக்குத் தோழிகள் எல்லாரும் ஒரே நிறம், ஒரே சேலை என்று முடிவாகிறது. ஓணத்துக்குக் கல்லூரியில் எல்லாரும் கேரளத்துச் செட் சேலை. ஆரி வேலை செய்த பிளவுஸின் தையல்கூலி சில சமயம் சேலை விலையைத் தாண்டுகிறது. முந்திரி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்கு, போய்க் கூலி வாங்கும் அம்மாவின் மகள் அந்தக் கூட்டத்தில் இருந்தால், "எனக்கு இஷ்டம் இல்லை" என்று சொல்வது "எங்களால் முடியாது" என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிடுகிறது. ஆகவே கடன் வாங்கியாவது தைத்துவிடுகிறார்கள். இந்த அழுத்தத்துக்கு அடக்கத்தோடு சம்பந்தமே இல்லை, ஆனால் வலி அதைவிடக் குறைந்ததில்லை.

விதி போனாலும் பழக்கம் போகாது

இதற்குத் தேவாலயம் நல்ல உதாரணம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பு, பெண்கள் ஆலயத்தில் தலையை மூட வேண்டும் என்றது. 1983-ல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி கிடையாது. ஆனால் குமரியின் எந்த ஊர்த் திருவிழாவுக்கும் போய்ப் பாருங்கள், சேலைத் தலைப்பாலும் ஷாலாலும் மூடிய தலைகள்தான் வரிசை வரிசையாக. பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைச் சொல்லி விருப்பத்தோடு மூடுபவர்கள் நிறைய. அது அவர்கள் பக்தி, அதில் யாரும் தலையிட முடியாது. பக்கத்தில் இருப்பவள் மூடியிருக்கிறாள் என்பதற்காக மூடுபவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தக்கலையிலோ இடலாக்குடியிலோ பர்தா போட்ட பெண்ணைப் பார்த்து "பாவம், கட்டாயப்படுத்தப்பட்டவள்" என்று முடிவு கட்டுபவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். அவளைக் கேட்காமல் தெரியாது.

எழுத்தில் உள்ள விதிகள் என்ன சொல்கின்றன?

கொஞ்சம்தான். 2019-ல் தமிழக அரசு தலைமைச் செயலகப் பணியாளர்களுக்குப் போட்ட உத்தரவு, பெண்கள் சேலையோ துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம் என்றது. கோயில்களுக்கு உடைக்கட்டுப்பாடு வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி 2015-ல் சொன்னது, மேல்முறையீட்டில் நிறுத்தப்பட்டது. 2016-ல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதாரோடு பெண்கள் நுழைய நிர்வாக அதிகாரி அனுமதித்தார், சில நாட்களிலேயே கேரள உயர் நீதிமன்றம் அதை நிறுத்திப் பழைய வழக்கத்தையே வைத்தது. இவையெல்லாம் குறிப்பிட்ட இடத்துக்கான விதிகள். தெருவில் ஒரு பெண் என்ன உடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடை என்பது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் திருநர் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2022-ல் கோழிக்கோடு நீதிமன்றம் ஒரு பாலியல் வழக்கின் ஜாமீன் உத்தரவில் பெண்ணின் உடையைக் குறை சொல்லி எழுதியபோது, கேரள உயர் நீதிமன்றம் அந்த வரிகளை நீக்கியது. சீண்டினவனுக்கு அவள் உடை காரணமாகாது.

அழுத்தமா, விருப்பமா: எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பெற்றோரோ, ஆசிரியரோ, அந்தப் பெண்ணோ இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. நாளைக்கு இதைப் போடாமல் போனால் என்ன ஆகும்? "ஒன்றும் ஆகாது, ஆனாலும் போடுவேன்" என்பது விருப்பம். பதில் யாராவது ஒருவரின் முகமாக மனதில் வந்தால் அது அழுத்தம்.

2. இதே விதி ஆணுக்கு உண்டா? அரை டிரவுசரோடு அண்ணன் கடைக்குப் போகும் வீட்டில், தங்கைக்கு மட்டும் துண்டு எதற்கு?

3. செலவு யாருடையது? முடிவு செய்தது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர் என்றால் அது கூட்டத்தின் உடை.

4. இது எத்தனை வருடப் பழக்கம்? வீட்டில் உள்ள பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தாலே போதும். பாட்டி, அம்மா, மகள் மூன்று பேரின் போட்டோவிலும் மூன்று வேறு "எப்போதும் இப்படித்தான்" இருக்கும்.

5. மறுக்கிறவருக்குப் பக்கத்தில் நிற்க ஒருவராவது உண்டா? ஆஷின் சோதனையில் பார்த்ததைப் போல, இதுதான் நடைமுறையில் அதிக வேலை செய்கிற கேள்வி. தோழிகள் குழுவில் "எங்கிட்ட இருக்கிற பச்சைச் சேலையே போதும்" என்று முதலில் ஒருத்தி சொன்னால், மற்றவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது அன்றைக்குத்தான் மூச்சு வரும். கல்லூரிகள் சுற்றறிக்கை எழுதும்போதும் இதைச் செய்யலாம்: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாசகம், காரணம் எழுத்தில், மாணவிகளையும் உட்கார வைத்து எழுதியது, வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்க்கிற வேலை யாருக்கும் கிடையாது.